ஏழு தண்ணீர், ஒரு பிடி மண்

நாய் கக்கியதில் கஞ்சி இல்லை. மண் இருந்தது.

ஹுனைஸ் பின்விறாந்தையின் படியில் நின்று அதைப் பார்த்தான். சற்று முன்புதான் கஞ்சி கொடுத்திருந்தான். உப்புப் போடாமல் குழைய அவித்து, அகப்பையால் மசித்து, விரலை விட்டுச் சூடு பார்த்துக் கொடுத்த கஞ்சி. தகரத் தட்டைச் சீமெந்துத் தரையில் தள்ளித் தள்ளி நாய் நக்கிய சத்தம் குசினிவரை கேட்டிருந்தது. தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சமில்லை. வெளியே வந்தது ஒரு சிறங்கை மண். அது நனைந்திருக்கவுமில்லை. காற்று அதன் மேற்பரப்பை மெல்ல மெல்ல ஊதி, படியிலிருந்து முற்றத்துக்குக் கொண்டு போனது.

நாய் முன்கால்களில் தாடையை வைத்து அவனையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது.

வீடு வின்சன்டுடையது. கற்பிட்டி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் மணல் பாதையின் கடைசி வீடு. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பி, படகுகள் எல்லாம் கரையேறிவிட்டன. அயலில் இருந்தவர்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு கிழக்குக் கரைக்குத் தொழிலுக்குப் போயிருந்தார்கள். காற்று பகல் முழுவதும் ஒரே திசையில், ஒரே உரத்தில் வீசியது. தென்னங்கிடுகு வேலி ஓயாமல் உரசியது. அந்தச் சத்தம் நின்றால்தான் காது எதையோ தேடும் என்ற அளவுக்கு அது பழகிப்போயிருந்தது.

ஹுனைஸ் புத்தளத்தில் ஒரு கருவாட்டுக் கடையில் வேலை செய்தவன். வின்சன்டிடம் கருவாடு எடுக்க வந்து வந்து பழக்கம். கடை மூடப்பட்டு அவன் சும்மா இருந்தபோது வின்சன்ட் தொலைபேசியில் கேட்டார்.

"தம்பி, என்ட மனுசி றோசமேரிக்கு நெஞ்சில ஒபரேசன். கொழும்புக்குப் போறம். வெங்காயத்துக்குக் காலையும் பின்னேரமும் தண்ணி விடவேணும். வீட்டில வந்து நிப்பியா? நாயொண்டும் இருக்கு. சூட்டி. மண்ணிற நாய், நெத்தியில வெள்ளை. கடிக்காது. அவவுக்கு அது பிள்ளை மாதிரி."

ஹுனைஸ் ஓம் என்றான். அவன் வந்து சேர்ந்தபோது அவர்கள் போய்விட்டார்கள். சொன்னபடியே தண்ணீர்த் தாங்கியின் அடியில் வீட்டுப் பூட்டின் திறப்பு இருந்தது. சொன்னபடியே பின்விறாந்தையில் நாய் இருந்தது. மண்ணிறம், நெற்றியில் வெள்ளை. எழும்பக்கூட இல்லை. அதன் முன்னால் சிறு குவியலாக மண் கிடந்தது. நாய் எதையோ தோண்டிவிட்டு வந்து படுத்திருக்கிறது என்று அவன் நினைத்தான்.

அவன் அதுவரை ஒரு நாயையும் தொட்டதில்லை. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் கட்டிய குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன். அங்கே நாய் வாசலுக்கு வந்தால் விளக்குமாறு பறக்கும். நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால். குர்ஆன் ஓதப் போன வயதில் மனதில் விழுந்த சட்டம்.

மண்ணுக்குத்தான் முதல் நாள் கொஞ்சம் தேடவேண்டியிருந்தது. முற்றத்து மணலில் வருடக்கணக்காக மீன் வெட்டியிருந்தார்கள். செதிலும் உப்பும் பழைய இரத்தமும் ஊறிய மணல். அதைத் தொட்டுக் கையைச் சுத்தம் என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. கிணற்றுக்குப் பின்னால் போனான். அங்கே தென்னம்பிள்ளை வைக்க வெட்டிய குழியொன்று மூடப்பட்டிருந்தது. முளைவிட்ட தேங்காய்கள் இரண்டு கிணற்றுக் கட்டில் சாய்ந்து கிடந்தன. அவசரமாகப் போகும்போது நடாமல் விட்டிருக்கவேண்டும். மூடிய மண் கணுக்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தது. பொலபொலவென்ற கருநிற மண். வெங்காயப் பாத்திக்கு ஏற்றி வந்ததில் மிஞ்சியதாக இருக்கலாம். அவன் ஒரு பிடி எடுத்தான். குளிர்ந்து, துப்புரவாக, மீன் வாடையே இல்லாமல் இருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அங்கேதான் எடுத்தான்.

"தொட்டீங்களா?" என்று புத்தளத்து வீட்டிலிருந்து மனைவி மர்ஷூதா தொலைபேசியில் கேட்டாள்.

"தொடாம எப்பிடிப் பருக்கிற?"

"எத்தின தரம் கழுவின?"

"ஏழு."

"மண்?"

"ஒருக்கா மண்."

"வீட்டுக்கு வந்தா இன்னொரு ஏழு. என்ட கண்ணுக்கு முன்னால." அவள் சிரித்தாள். "ஒங்கட உம்மாக்கு இன்னும் சொல்லல்ல. சொன்னா பாயச் சுருட்டிக்கிட்டு மன்னாருக்கே திரும்பிப் போயிருவா."

தொலைபேசியில் அஃப்ராஸும் சிரித்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவன், இப்போது ஒரு மிருக வைத்தியரிடம் உதவியாளன்.

"மேலால போகுதா, கீழால போகுதா மச்சான்?"

"வாயாலதான். மண்ணாக் கக்குது."

"வயிறு சரியில்லாட்டி நாய் புல்லுத் தின்னும், மண்ணுத் தின்னும். பயப்படாத. முதல்ல ஒரு நாள் வயித்தக் காயப்போடு. ஜீவனி கரைச்சுக் கொஞ்சங் கொஞ்சமாப் பருக்கு. பொறகு கஞ்சி. பொறகு கோழி, தோல் இல்லாம அவிச்சு, நார் நாரா உரிச்சு."

"நான் நாய்க்குக் கோழி அவிக்கணும்?"

"எனக்குத்தான் ஒருநாளும் அவிச்சுத் தரல்ல. அதுக்காவது அவி."

வீதியோரக் கடையில் ஜீவனிப் பக்கற்றுகள் வாங்கினான். வயிற்றோட்டம் வந்த பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுக்கும் தூள். தோடம்பழ வாசம். சொப்பின் பையொன்றைக் கையில் சுற்றிக்கொண்டு, நாயின் வாயோரத்தில் கரண்டியால் விட்டான். விட்டதெல்லாம் உள்ளே போனது. விழுங்கும்போது அதன் தொண்டை அசைந்ததாக நினைவில்லை. நாக்கு மட்டும் ஒருமுறை வெளியே வந்து, பையைத் தாண்டி மணிக்கட்டில் பட்டது. கிணற்றடிக் கல்லைப் போலக் குளிர்ந்த நாக்கு.

மண் எடுத்துக் கழுவினான்.

றோசமேரி தினமும் அழைத்தார். வின்சன்டுடைய தொலைபேசிதான். வார்டுக்குள் அது அவருடைய தலையணைக்குக் கீழே இருந்தது. வின்சன்ட் வெளியே, நோயாளரைப் பார்க்கும் நேரத்தில் மட்டும் உள்ளே. றோசமேரியின் குரல் இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நின்று மூச்செடுத்தது.

"தம்பி, சூட்டி சாப்பிட்டானா?"

"வயிறு கொஞ்சம் சரியில்ல அக்கா. கஞ்சி குடுக்கிறன்."

"கக்கிறானா?"

"கொஞ்சம்."

அந்தப் பக்கத்தில் எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது.

"டொக்டர்மார் நாள் குறிக்கச் சொல்லினம். நான் சொல்லிட்டன், அவன் ஒழுங்காச் சாப்பிடுறான் எண்டு கேட்டாத்தான் உள்ளுக்கு வருவன் எண்டு. விசர்க் கதை எண்டுறார் இவர். தம்பி, உங்களுக்கு விளங்குதா? அவன் அங்க நிண்டா, நான் அங்க வருவன்."

"விளங்குது அக்கா."

அவனுக்கு உண்மையாகவே விளங்கியது. நாய் அவனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். அது செத்தால் அந்தப் பெண் சத்திரசிகிச்சை மேசையில் ஏறமாட்டார். ஏறாவிட்டால் அந்த இருதயம் இந்தக் காற்று ஓயும்வரை தாங்காது என்று வின்சன்டே சொல்லியிருந்தார்.

"போனை அவன்ட மூக்கில வையுங்க தம்பி."

அவன் குந்தியிருந்து கையை எட்ட நீட்டினான். நாயின் காதுகள் எழுந்தன. அவன் அழைத்தால் அசையாத காதுகள். வேலி உரசியது. பனையோலை அடித்தது. அவன் நாயின் விலாவைப் பார்த்தான். ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

தொலைபேசியிலிருந்து சின்னக் குரல் வந்தது.

"ஆ... மூச்சுக் கேக்குது. என்ட குஞ்சு."

அன்று பின்னேரம் அஃப்ராஸ் இரண்டு பரிசோதனைகள் சொன்னான். உதட்டைத் தூக்கிப் பல் முரசின் நிறத்தைப் பார்க்கவேண்டும். றோஸ் நிறமாக இருந்தால் நல்லது. பிறகு பிடரித் தோலைக் கிள்ளி விடவேண்டும். உடனே படிந்தால் பிழையில்லை. மெதுவாகப் படிந்தால் உடம்பில் தண்ணீர் இல்லை.

ஹுனைஸ் பையைச் சுற்றிய விரலால் உதட்டைத் தூக்கினான். முரசு அடுப்புச் சாம்பலில் தண்ணீர் தெளித்த நிறத்தில் இருந்தது. பல்லிடுக்குகளில் கருமண். பிடரியைக் கிள்ளினான். தோல் இரண்டு விரலுக்கு நடுவே மடிந்து எழுந்தது. விட்டான்.

அது அப்படியே நின்றது.

கொஞ்ச நேரம் காத்திருந்தான். போய்த் தண்ணீர் மோட்டரைப் போட்டான். வெங்காயப் பாத்திகளுக்கு மேல் தண்ணீர் சுழன்று விழ, காற்று அதில் பாதியைப் புகையாக அள்ளிக்கொண்டு போனது. அஸர் தொழுதான். முன்னறைச் சுவரில் சின்ன மின்குமிழோடு தொங்கிய சொரூபப் படத்துக்கு முதுகு காட்டி, கிப்லாவைப் பார்த்து. திரும்பி வந்தபோது பிடரியில் அந்த மடிப்பு நின்றது.

காலையிலும் நின்றது.

"இன்னும் நிக்கிதுடா," என்றான் தொலைபேசியில்.

"என்ன நிக்கிது?"

"கிள்ளின தோல். நேத்துப் பின்னேரம் கிள்ளின."

"நீ நாயைத்தான் கிள்ளினியா, இல்லாட்டி லொறி மூடுற படங்கைக் கிள்ளினியா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஹுனைஸ் சிரித்து முடித்தபோது அஃப்ராஸ் ஏற்கெனவே நிறுத்தியிருந்தான்.

"டொக்டர் சனிக்கிழம கற்பிட்டிப் பக்கம் வாறார். கூட்டிட்டு வாறன். அதுவரைக்கும் பருக்கிக்கொண்டே இரு. வேற ஒண்டும் செய்யாத."

அவன் பருக்கிக்கொண்டே இருந்தான். கஞ்சியில் ஜீவனியையே கலந்தான். நாய் தட்டின் சத்தத்துக்கு மட்டும் எழுந்தது. நக்கியது. மீண்டும் படுத்தது. வாலை ஒருமுறையும் ஆட்டவில்லை.

அந்த ஊரில் இலையான்களுக்குக் குறைவில்லை. தேநீர்க் கோப்பையின் விளிம்பில், ஈரத் துணியில், அவனுடைய உதட்டோரத்தில், கொடியில் காய்ந்த யாரோ விட்டுப்போன திருக்கை வால்களில். நோயாளி நாயின் கண்ணோரத்திலும் வாயோரத்திலும் அவை மொய்க்கவேண்டும். ஒன்றுகூட இல்லை. காகங்கள் குசினிக் கூரையில் வரிசையாக இருந்தன. சிந்திய கஞ்சிக்கு இறங்கவில்லை.

இலையான்கள் கிணற்றுக்குப் பின்னால் இருந்தன. கை கழுவ மண் எடுக்கப் போனபோது கண்டான். மூடிய குழியின்மேல் கறுப்பாகப் படிந்திருந்தன. கையை நீட்ட எழுந்தன. எடுக்க, திரும்பவும் வந்து இருந்தன. பசளைக்கு மீன் கழிவு போட்டுக் குழியை மூடியிருப்பார்கள் என்று எண்ணினான். தென்னைக்கு அப்படிப் போடுவது வழக்கம். அது மீன் கழிவென்றால் இந்த மண்ணும் அசுத்தம்தானே என்று அடுத்து ஓர் எண்ணம் வந்தது. மணந்து பார்த்தான்.

மீன் வாடை இல்லை. தோடம்பழ வாசம் அடித்தது.

தன் விரலிலிருந்துதான் வருகிறது என்று நினைத்தான். ஏழு தரம் கழுவிவிட்டு மணந்தான். விரலில் ஒன்றும் இல்லை. குனிந்தான். மண்ணிலிருந்துதான் வந்தது. இனிப்பும் உப்புமாக, கரைத்த ஜீவனியின் அதே வாசம். அந்த இடத்தில் மண் நனைந்தும் இருந்தது. தண்ணீர்க் குழாயின் வீச்சு அதுவரை எட்டாது.

குவியல் பணிந்திருந்தது. கணுக்கால் உயரம் இருந்தது இப்போது தரையோடு தரை. நடுவில் சற்றுப் பள்ளமும்கூட. அவன் எடுத்தவை எல்லாம் ஒவ்வொரு பிடி. காற்று அள்ளியிருக்கும் என்று தனக்குச் சொன்னான். அந்தக் காற்று முற்றத்தின் மற்ற எந்த இடத்திலும் குழி தோண்டியிருக்கவில்லை.

அதன் பிறகு குறைவாக எடுத்தான். இரண்டு விரல் அளவு. ஆனால் எடுக்காமல் விட முடியவில்லை. நாயின் எச்சில் பட்ட கையோடு தொழ முடியாது.

வியாழக்கிழமை காலை நாய் முழுத் தட்டையும் தின்றது. அவன் எதிரிலேயே கதிரையைப் போட்டுக் காத்திருந்தான். கக்கவில்லை. வெயில் விறாந்தையின் பாதிவரை வந்தது. கக்கவில்லை. கோழியை அவித்து, தோலை உரித்து, நார் நாராகப் பிய்த்துக் கஞ்சியில் போட்டான். அதையும் தின்றது. கக்கவில்லை. அவனுக்கு அழுகை வந்துவிடுமோ என்றிருந்தது.

"சாப்பிட்டானா தம்பி?"

"ஓம் அக்கா. ரெண்டு தரம். கோழியும் சாப்பிட்டான். கக்கவே இல்ல."

"சத்தியமா?"

"அல்லாஹ் அறிய."

றோசமேரி நீளமாக மூச்செடுத்தார். "அப்ப நான் போறன்."

அதற்குப் பிறகு தொலைபேசி ஓய்ந்தது. வெள்ளிக்கிழமை முழுவதும் அழைப்பு இல்லை. ஜும்ஆவுக்குப் போய் வந்தான். நாய்க்குக் கஞ்சி வைத்தான். தின்றது. திரும்ப வைத்தான். தின்றது. பானையில் இருந்த எல்லாவற்றையும் தின்றது. வயிறு மட்டும் விலாவெலும்போடு ஒட்டி, காற்றில்லாத படகுப் பாய்போலக் கிடந்தது. இவ்வளவும் எங்கே போகிறது என்று ஹுனைஸ் யோசித்தான். அந்த யோசனையை விட்டுவிட்டான்.

பின்னேரம் பாத்திக்குத் தண்ணீர் விட்டபோது ஒரு குழாய் கழன்று கிணற்றடிப் பாதை முழுக்க நனைந்துவிட்டது. மூடிவிட்டு வந்தபோது ஈரத்தில் நாயின் கால்தடங்கள் இருந்தன. தெளிவாக, நகம் தெரிய. குழியிலிருந்து விறாந்தைப் படிவரை. குழிக்குப் போன தடம் ஒன்றையும் காணவில்லை. குனிந்து பார்த்தான். குழியடியில் திரும்பிய தடமும் இல்லை. அங்கிருந்து தொடங்கியது, அவ்வளவுதான்.

முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, மர்ஷூதாவை அழைத்தான்.

"நான் வரப்போறன்."

"ஏன்? அவங்க வந்துட்டாங்களா?"

"இல்ல. சும்மா. எனக்கு இங்க ஒரு மாதிரி இருக்குது."

"அமானத்த விட்டுட்டு எப்பிடி வாற? நாளைக்கு அஃப்ராஸ் காக்கா வருவாரே, அவரோட..." அவள் நிறுத்தினாள். "கிட்ட ஆரு?"

"ஒருத்தருமில்ல."

"ஆரோ மூச்சு வாங்குறாங்க."

ஹுனைஸ் அறையைப் பார்த்தான். கட்டில். அலுமாரி. சொரூபப் படம். சாத்திய கதவு.

"காத்து," என்றான்.

"காத்து இல்ல," என்றாள் மர்ஷூதா. அவள் குரலில் சிரிப்பு இல்லை. "ஒங்கட காதுக்குக் கிட்டத்தான் கேக்குது."

ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினான். நடுவில் ஓர் இடத்தில் விட்டுப்போனது. திரும்பத் தொடங்கினான். அதே இடத்தில் திரும்பவும் விட்டுப்போனது.

மறுநாள் அஃப்ராஸ் வரவில்லை. வைத்தியருக்கு வேறொரு பக்கம் அலுவல், திங்கட்கிழமை வருவோம் என்று குறுஞ்செய்தி அனுப்பியிருந்தான். ஹுனைஸ் துணிகளைப் பைக்குள் அடைத்து வைத்தான். வின்சன்டோடு ஒரு வார்த்தை பேசினால் போதும், போய்விடலாம். அவரோ எடுக்கவில்லை. அஸர் முடிந்தது. வெயில் செம்மஞ்சளாகிக் கிடுகு வேலியின் ஓட்டைகளால் முற்றத்தில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. கடைசியாக ஒருமுறை கஞ்சி வைத்துவிடுவோம் என்று அவித்தான். மீதிக் கோழியைப் பிய்த்துப் போட்டான். ஆற நேரமில்லை. சூடாகவே கொண்டுபோய் வைத்தான்.

வைக்கும்போது நாய் கையை நக்கியது. உள்ளங்கை முழுக்க. சாவதானமாக.

கிணற்றடிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனான். பின்னால் தட்டு சீமெந்தில் உரசத் தொடங்கியது. வாளியில் தண்ணீர் அள்ளினான். குழியருகில் குந்தினான். இலையான்கள் எழுந்தன. வலது கையை மண்ணுக்குள் விட்டபோது சட்டைப் பையில் தொலைபேசி அடித்தது.

இடது கையால் எடுத்தான்.

"தம்பி!" வின்சன்டின் குரல். "முடிஞ்சுது. நேத்தே முடிஞ்சுது. இண்டைக்குக் கண் முழிச்சிட்டா. கதைக்கிறா. வாய் திறந்தவுடனே சூட்டிதான்."

"அல்ஹம்துலில்லாஹ்."

"ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பார் தம்பி. போன் அவட கையில, உன்னோட தனியாக் கதைக்க ஒரு வழி இல்லாமப் போச்சு. நான் துடிச்சுக்கொண்டு நிண்டன், நீ உண்மையப் போட்டு உடைச்சிடுவாய் எண்டு. நீ கெட்டிக்காரன்டா! கஞ்சியாம், ஜீவனியாம், கோழி அவிச்சியாம். ரெண்டு நாள் கக்கினதாகக்கூடச் சொன்னாய். எனக்கே ஒரு கணம் அவன் உசிரோட இருக்கிறான் எண்டு பட்டுது."

ஹுனைஸின் விரல்கள் மண்ணுக்குள் நின்றன.

"என்ன அண்ணன் சொல்றீங்க?"

"சூட்டியத்தான். நான் வெளிக்கிட முதல்நாள் பின்னேரம். களப்புக்காரர் வலையால எறிஞ்ச பேத்தை மீன், அந்த நஞ்சு மீன், அதத் திண்டிட்டான். கக்கிக் கக்கி என்ட மடியிலயே போயிட்டான். அவ அப்பவே ஆஸ்பத்திரியில. எப்பிடிச் சொல்லுறது? கிணத்துக்குப் பின்னால தென்னம்பிள்ளைக்கு வெட்டின குழியில வச்சு மூடிட்டு விடியப்புறம் பஸ் ஏறினன். நாயில்லாததப் பாத்து நீயே விளங்கியிருப்பாய்தானே."

வேலி உரசியது. தட்டு உரசியது.

விரல்களுக்குக் கீழே மயிர்.

கையை இழுத்தான். மண் உள்ளே சரிந்தது. நடுவில் இருந்த பள்ளம் வாய் திறந்ததுபோல அகன்றது. வெள்ளையாக ஏதோ தெரிந்தது. நெற்றி. மூடாத கண், அதில் மண். பிடரியில் ஒரு மடிப்பு. இரண்டு விரலால் கிள்ளி விட்டதுபோல. படியாமல்.

"தம்பி? கேக்குதா? நான் உள்ளுக்குப் போறன். அவட்டக் குடுக்கிறன். இன்னும் ரெண்டு மூண்டு நாளைக்கு அதே கதையச் சொல்லு. வீட்ட வந்து நான் சொல்லுறன்."

குழிக்குள் வாய் திறந்திருந்தது. பற்களுக்கு நடுவே சோறு. வெள்ளைச் சோறு. கோழி நார். மெல்லிய ஆவி அதிலிருந்து எழுந்து காற்றில் கலைந்தது.

பின்னால் நாக்கு தட்டில் ஓடியது. குழியில் சோறு சற்று உயர்ந்தது. தட்டு சீமெந்தில் நகர்ந்தது. சோறு உயர்ந்தது. பல் வரிசையைத் தாண்டியது. ஒரு பருக்கை உதட்டில் வழிந்து மண்ணில் விழுந்தது.

"தம்பி..." றோசமேரியின் குரல். மிக மெல்ல. மூச்செடுக்க நிற்காமல். "போனை அவன்ட மூக்கில வையுங்க."

அவன் அசையவில்லை. தொலைபேசி அவனுடைய காதில் இருந்தது.

"ஆ. கேக்குது. சாப்பிடுறான் என்ன?"

தட்டு நின்றது.

சீமெந்தில் நகங்கள். படி. பிறகு மணல். மணலில் சத்தம் இல்லை.

"கிட்ட வந்திட்டான்," என்றார் றோசமேரி.

குழிக்குள் நாக்கு அசைந்தது. தொலைபேசி பிடித்திருந்த அவனுடைய முழங்கையில் குளிர்ந்த ஈரம் பட்டது.